தௌனோவின் மௌனத்தை மீட்டர் வைத்து அளந்த விவகாரம்

வெட்கக்கேடான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் ஊரில் யாராவது சொல்லிவிடுவார்கள். போன இலையுதிர்காலத்தில், மூஸ் மான் வேட்டை முடிந்து ஊரே கூடிச் சாப்பிடும் விருந்தில், நான் வாயில் ஒரு துப்பாக்கிச் சைலன்சரைக் கவ்விக்கொண்டு மேஜைமேல் ஏறி நின்று சல்யூட் வைத்தேன். அந்தப் புகைப்படத்தைக் கூட்டுறவுக் கடையில் காபிப் பொட்டலங்களுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். போலீஸ்காரர்களும் அங்கேதான் காபி வாங்குகிறார்கள்.

என் பெயர் ரைமோ மொய்லனென், வயது ஐம்பத்தாறு, தகப்பனார் பெயர் உர்ஹோ, கைனூ மாகாணம் லெஹ்தோவாரா கிராமத்தில் ஏரிக்கரைச் சாலையில் குடியிருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் தௌனோ ஹெய்க்குரி நடத்தும் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறேன். வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் சைலன்சர் செய்வதுதான் எங்கள் தொழில். தௌனோ குழாயைக் கடைந்து, துப்பாக்கி முனையில் திருகி மாட்ட மரை போடுவார், உள்ளே போகும் தடுப்பு வட்டுகளை நான் செய்வேன், ஹில்க்கா என்ற அம்மாள் சாயம் ஏற்றி அடுப்பில் சுட்டுப் பெட்டியில் போடுவாள். நாங்கள் மூவர், தௌனோவின் நாய் நொகி, அவ்வளவுதான் பட்டறை.

என் மனைவி இர்மெலி கொடுத்த புகாரின் பேரில் நான் போலீஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். அவளுடைய அண்ணனுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காலையிலேயே கொண்டு வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தே நான் சும்மா இருந்தேனா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரியாது. இதுவே என் பதில். மற்றதெல்லாம் அது எப்படித் தெரியாமல் போனது என்பதற்கான விளக்கம்.

மேற்படி விருந்தில் சூப்பு முடிந்து காபி வரும் நேரத்தில் தௌனோ எழுந்து நின்றார். அவர் சபையில் எழுந்து நின்று பேசியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தன் கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கே தலையைத்தான் ஆட்டினார். அவர் பையிலிருந்து பரிசுக் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

“இத்தனை வருஷமா எல்லாத் துப்பாக்கிக்கும் சத்தத்த அடக்கிக் குடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் அடங்க மாட்டேங்குது. இந்தா மாப்ள, உனக்குன்னு அளவெடுத்துக் கடைஞ்சது. மரை போடல, கடிச்சுக்க.”

பொட்டலத்தில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சைலன்சர் இருந்தது. அதில் என் பெயரைப் பொறித்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கூடம் முழுவதும் சிரித்தது. கேலிக்கு ஆளாகிறவன் முந்திக்கொண்டால் கேலி பாதியாகும் என்பது என் வாழ்நாள் அனுபவம் என்பதால், நானே அதை வாயில் கவ்வி மேஜைமேல் ஏறி, கவ்வியபடியே நன்றியுரையும் சொன்னேன். “வ்வ, வ்வ” என்றுதான் வெளியே வந்தது. அன்று கேலி பாதியாகவில்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை நான் கணக்கில் வைக்கவில்லை.

அதன் பிறகு மறுநாள் காலையிலிருந்து நான் தௌனோவிடம் பேசுவதை நிறுத்தினேன். இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி அம்மையார் கேட்கிறார். தேவை. அம்மையார் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்பது கோபம் இல்லை, போட்டி. முதலில் வாய் திறப்பவன் தோற்றவன். தௌனோவின் அப்பா ஒரு மீன்வலை விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சை விட்டார், ஆனால் இருவரும் ஒரே படகில் போய் ஒரே வலையைத்தான் இழுத்தார்கள், சாகும்வரை இழுத்தார்கள், ஒரு வார்த்தை கிடையாது. அந்த அப்பாவின் பிள்ளையோடு, ஊரிலேயே அதிகம் பேசுகிறவன் என்று பெயரெடுத்த நான், இந்தப் போட்டிக்குப் போனேன். ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டேன் என்று ஊரில் பந்தயம் கட்டினார்கள். ஏரி உறைந்தது, நான் தாங்கினேன்.

தாங்கியதற்கு ஒரு வழி இருந்தது. தௌனோவிடம் பேசுவதில்லை என்றுதான் முடிவு. அவர் காதில் விழும்படி பேசுவதில்லை என்று முடிவு செய்யவில்லை. ஆகவே நாயிடம் பேசினேன். “ஏன் நொகி, உங்க மொதலாளிக்கு மரை கோணலா விழுதாமே, கண்ணு தெரியலையோ?” என்பேன். “வயசாச்சுல்ல நொகி” என்று ஹில்க்கா அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாள். தௌனோ காதுக் கவசத்தை மாட்டிக்கொள்வார். நான் நாய்ப் பக்கம் திரும்பினாலே அவர் கை கவசத்துக்குப் போய்விடும். துப்பாக்கிக்கு மாட்டாத கவசத்தை எனக்கு மாட்டினார் என்பதைக் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு சம்பவ தினமான வியாழக்கிழமை காலை நான் பட்டறைக்குப் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தௌனோவின் லேத் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் உளி குழாயைத் தொடவில்லை, ஆளும் இல்லை. தௌனோ ஓடுகிற மெஷினை விட்டு நகராத மனிதர். மின்சாரத்தை வீணாக்கி என்னைப் பேச வைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, நான் அணைத்தேன்.

அதன் பிறகு பின்புறம் இருக்கும் சோதனைக் கொட்டகைக்குப் போனேன். செய்த சைலன்சரை அங்கேதான் துப்பாக்கியில் மாட்டிச் சுட்டுப் பார்ப்போம். சுடுகிறவரின் காதுக்கு அருகில் ஒரு மைக்கும், அதிலிருந்து சத்தத்தை அளக்கும் மீட்டரும் இருக்கும். தௌனோ மீட்டரை நம்பமாட்டார், நாயை நம்புவார். கணப்பு அடுப்பின் முன்னால் நொகி தூங்கும்போது சுட வேண்டும், அதன் காது அசைந்தால் அந்தச் சைலன்சர் மறுபடி லேத்துக்குப் போகும். குளிர்காலம் முழுக்க அவர் உழைத்த புது மாடல் அன்று துப்பாக்கியில் மாட்டியிருந்தது. தௌனோ சுவரோரப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கவசம் கழுத்தில் கிடந்தது. என்னைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தார். விருந்தில் பொட்டலத்தை நீட்டும்போதும் அப்படித்தான் சிரித்தார், அல்லது அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம்.

அதன் பிறகு ஹில்க்கா காபி கொண்டு வந்தாள். தௌனோவின் வலது கையில் கப்பைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடிக்கவில்லை, கப் தரையில் விழுந்து உடைந்தது.

“பாத்தீங்களா இந்தத் திமிர! பேசாம இருந்தது போயி இப்ப கப்பத் தூக்கிப் போடுற அளவுக்கு வந்தாச்சு” என்றாள்.

“நொகி, உங்க மொதலாளி தோக்கப் போறாருடா. கைகால ஒதறி அடம் புடிக்கிறது கடைசிக் கட்டம்” என்று நான் சொன்னேன். நாய் என்னிடம் வரவில்லை. தௌனோவின் பூட்ஸ்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

அப்போது தௌனோ வாயைத் திறந்தார். நானும் ஹில்க்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏரி உறைவதற்கு முன்னால் தொடங்கிய போட்டி முடியப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் “வ்வ, வ்வ” என்றார்.

“உங்களத்தான் ரைமோ! அன்னிக்கு மேஜ மேல அதக் கவ்விக்கிட்டு நன்றி சொன்னீங்கல்ல, அப்புடியே செஞ்சு காட்டுறாரு!” என்று ஹில்க்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேட்டது. அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் நான் மீட்டரை எடுத்தேன்.

மைக்கைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு போய் தௌனோவின் வாய்க்கு நேரே வைத்தேன். பேசுகிறவனுக்குச் சைலன்சர் கடைந்தவர் ஆயிற்றே, பேசாதவனின் மௌனம் எவ்வளவு என்று அளந்து பார்ப்போமே என்று எனக்குத் தோன்றியது. ஹில்க்கா மீட்டரைப் பிடித்துக்கொண்டு, வாங்க வருகிறவர்களிடம் பேசும் குரலில், “நம்ம பட்டறையிலயே பெஸ்ட் மாடல் இதுதாங்க, வருஷக் கணக்கா உத்தரவாதம், துருப் புடிக்காது, பொண்டாட்டி ஓடிப் போனாலும் சத்தம் வராது” என்றாள். தௌனோவின் மனைவி பிரிந்து ஊலு நகரத்துக்குப் போனதை ஊரில் யாரும் அவர் எதிரில் எடுப்பதில்லை. ஹில்க்கா எடுத்தாள். நான் சிரித்தேன்.

தௌனோ மைக்கைப் பார்த்து மறுபடி முயன்றார். மீட்டரில் எண் ஏறியது. “அய்யய்ய, ரிஜெக்ட்டு! திரும்ப லேத்துக்குப் போகணும்!” என்று நான் நாயிடம் சொன்னேன். அவர் இன்னும் சத்தமாக முயன்றார், எண் இன்னும் ஏறியது. அவருடைய ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்தது அதுதான் என்பதால் அதையே சொல்கிறேன்.

இந்தச் சமயத்தில் “டாக்டரக் கூப்பிடலாமா?” என்று தான் கேட்டதாக ஹில்க்கா தன் வாக்குமூலத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். கேட்டது உண்மை. ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டாள். “அளவெடுக்கவா?” என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அதன் பிறகு நான் மைக்கை அதன் இடத்தில் வைக்கப் போனபோது தௌனோ இடது கையால் என் கோட்டின் ஓரத்தைப் பிடித்தார். அவர் யாரையும் தொடுகிறவர் இல்லை, கை குலுக்குவதற்கே யோசிப்பார். சமாதானத்துக்கு வருகிறார் என்று புரிந்துகொண்டேன். “நொகி, சமாதானம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும்னு சொல்லு. கோட்டப் புடிச்சா செல்லாது” என்றேன். அவர் விடவில்லை. அதனால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். லேத் பிடித்த விரல்கள், பிரிப்பது சுலபமாக இல்லை.

அதன் பிறகு நாங்கள் வேலைக்குத் திரும்பினோம். எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை என்றாலே மதியம் பட்டாணி சூப்பு. சூப்புப் பாத்திரத்தைக் கொட்டகைக்கே எடுத்துப் போய் தௌனோவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது ஹில்க்காவின் யோசனை, சூப்பில் கலக்கும் கடுகு விழுதை நான் எடுத்துக்கொண்டேன். அவர் முன்பைவிடச் சரிந்து சுவரோடு இருந்தார், கண் திறந்திருந்தது. அவருக்கு ஊற்றவில்லை. கேட்டால் கொடுப்பதாக இருந்தோம். கணப்பு அணைந்திருந்தது. கொட்டகையில் விறகு போடுவது எப்போதும் தௌனோவின் வேலை என்பதால் நானும் போடவில்லை. முதலில் விறகு போடுகிறவனும் தோற்றவன்தான் என்பது சொல்லாமலே விளங்கியது. நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட்டோம். தௌனோ சட்டையோடு இருந்தார்.

அதன் பிறகு, புது மாடலை அன்றே அனுப்ப வேண்டியிருந்ததால், சோதனையை நானே செய்தேன். வழக்கமாகத் தௌனோ தலையசைத்த பிறகுதான் சுடுவோம். அவர் தலையசைக்கவில்லை. பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சுட்டேன். மூஸ் மானை வீழ்த்தும் துப்பாக்கி அது, ஒரு கனத்த புத்தகத்தை மூடிய அளவுக்குத்தான் சத்தம் வந்தது. தௌனோவின் காலடியில் நொகி கண்ணை மூடியிருந்தது. காது அசையவில்லை. அவர் ஆயுளில் செய்ததிலேயே சிறந்தது அதுதான் என்று என்னால் சொல்ல முடியும். நான் கைதட்டினேன். ஹில்க்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டிருந்தாள், ஆகையால் நான் மட்டும்தான் தட்டினேன்.

அதன் பிறகு என் மனைவி இர்மெலி வந்தாள். காலையிலிருந்து அண்ணன் போனை எடுக்கவில்லையாம். மீன் பொதிந்த கறுப்பு ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். கொட்டகைக் கதவைத் திறந்தாள், வாசலில் நின்றபடியே, என்னைப் பார்க்காமல், அவசர உதவி எண் நூற்றுப்பன்னிரண்டுக்குப் போன் செய்தாள். அவள் வாசலிலிருந்தே கண்டுபிடித்தாள் என்பதை எனக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் அப்போதுதான் வந்தாள். நானோ காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கண் பழகிவிட்டது.

போனில் பேசி முடித்து, தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டு, “எவ்வளவு நேரமா இப்புடி இருக்காரு?” என்று கேட்டாள்.

“அவருதான் மொதல்ல பேசணும்” என்று நான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவள் ரொட்டியால் என் முகத்தில் அடித்தாள். எங்கள் வீட்டு ரொட்டியை அறிந்தவர்களுக்கு அது லேசான விஷயமில்லை என்பது தெரியும். மூக்கில் உள்ள கட்டு அதனால் ஆனது. நான் அதற்குப் புகார் கொடுக்கவில்லை.

“இத்தன நாள் பேசாம இருக்கத் தெரிஞ்சுதுல்ல? இனி ஆயுசுக்கும் எங்கிட்டயும் அப்புடியே இரு” என்று சொல்லிவிட்டு அண்ணனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வர வேண்டும், பனியில் சாலை மோசம். அது வரும்வரை நான் கணப்பில் விறகு போட்டேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போனேன். தௌனோவுக்கு ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது. அது “காபி”. வேண்டும் என்றாலும் காபி, வேண்டாம் என்றாலும் காபி, வலித்தாலும் காபி. ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துக் காபி என்று அலறினார், அவள் பாவம் ஓடிப்போய் ஒரு கப் ஊற்றி வந்தாள், அதைப் பார்த்து அவர் அழுதார். நான் கட்டிலருகே போய், “மச்சான், நாந்தான் தோத்தேன், நான் பேசிட்டேன், போதுமா?” என்றேன். இத்தனை மாதங்களில் நேராக அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் நல்ல கையால் கம்பியைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “காபி” என்றார். அந்த வார்த்தைக்கு அந்த இடத்தில் என்ன அர்த்தம் என்று என்னால் சொல்ல முடியும், ஆனால் அரசாங்கக் காகிதத்தில் எழுத முடியாது.

என் மனைவி ஊலுவில் தௌனோவின் பழைய மனைவி வீட்டில் தங்கியிருக்கிறாள். அந்த இருவரும் இதற்கு முன் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை, இப்போது நிறுத்தாமல் பேசுகிறார்கள் என்று கேள்வி. நான் முட்டாள்தனமாக நடந்துகொண்டேன், கொடுமையாக நடந்துகொண்டேன் என்று யார் சொன்னாலும் மறுக்கப்போவதில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை என்பதை அறிந்து நடந்துகொண்டேன் என்பதை மட்டும் மறுக்கிறேன். பக்கவாதம் எப்படி இருக்கும் என்று லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? வாய் ஒரு பக்கமாகப் போனதைச் சிரிப்பு என்றும், கை விழுந்ததைத் திமிர் என்றும், பேச்சு குழறியதைக் கேலி என்றும் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இவையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்ன இரண்டு நகைச்சுவைகளை அதிகாரி நீக்கியிருக்கிறார், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்றபடி சொன்னதும் எழுதியதும் ஒன்றே, சொன்னது யாவும் நடந்தது என்று ஒப்புக்கொண்டு, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரைமோ மொய்லனென்

கையெழுத்துக்குப் பின் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில்: ஆம். எங்கள் வேட்டைக் குழுவில் வருடந்தோறும் முதலுதவி வகுப்பு நடக்கிறது. பக்கவாதமும் அதில் உண்டு. முகம், கை, பேச்சு என்று அந்த வரிசையில்தான் பார்க்கச் சொல்வோம். வகுப்பு எடுப்பது நான்தான். போன முறை நோயாளியாக நடிக்கத் தௌனோவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன், பேசாமலிருக்க வேண்டிய வேஷம் என்பதால்.